உழைக்கும் உடம்பும் இரத்தப் புற்றுநோயும்

உழைக்கிற உடம்பை நோய் அண்டாது என்பது கிராமங்களில் வழிவழியாக இருந்துவரும் நம்பிக்கை. இரத்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. உடல் உழைப்பு சிலவகை இரத்தப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், அதே கழனியில் தக்க பாதுகாப்பின்றிப் பூச்சிமருந்து அடிக்கும்போது உடம்பில் சேரும் நஞ்சு, சிலவகை இரத்தப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் கூட்டுகிறது. தோல் வழியே உள்ளே இறங்கிய நஞ்சை எவ்வளவு வியர்வை சிந்தினாலும் வெளியேற்றிவிட முடியாது. ஆகவே உடம்பை அசைப்பதும், நஞ்சை உடம்புக்கு வெளியே நிறுத்துவதும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் விவசாயிக்குப் பாதுகாப்பு.

பொன்னேரி வட்டத்தில் உள்ள அத்திப்பட்டு போன்ற ஊர்களுக்கு இது மிகவும் பொருந்தும். 1994ஆம் ஆண்டு வட சென்னை அனல் மின் நிலையம் மின் உற்பத்தியைத் தொடங்கியது. 2001ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. கழனிகளுக்கு அருகிலேயே தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிற்கின்றன. ஒரே குடும்பத்தில் ஒருவர் கழனியைப் பார்த்துக்கொள்ள, மற்றொருவர் நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகிறார். கழனிக்குப் போகிறவருக்கு நஞ்சின் அபாயம்; உட்கார்ந்திருப்பவருக்கு உடல் அசையாததன் அபாயம். இருவரும் தெரிந்துகொள்ளவேண்டிய செய்திகள் பல உள்ளன.

இரத்தம் விளையும் இடம்

பயிர் மண்ணில் விளைவதுபோல், இரத்தம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் விளைகிறது. வளர்ந்தவர்களுக்கு முக்கியமாக இடுப்பெலும்பு, முதுகெலும்பு, விலா எலும்பு, மார்பெலும்பு ஆகியவற்றின் மஜ்ஜையில் இது நடைபெறுகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் புதிதாக உற்பத்தியாகின்றன. இவற்றோடு, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும், காயம் பட்டால் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் உண்டாகின்றன.

இவ்வளவு வேகமாக அணுக்கள் பெருகும் இடத்தில், ஏதேனும் ஒரு அணுவின் மரபுப் பொருளில் கோளாறு ஏற்பட்டு, அது கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குவதே இரத்தப் புற்றுநோய். நாற்றங்காலில் களை மண்டினால் நாற்று நலிவதுபோல், கெட்ட அணுக்கள் பெருகப் பெருக நல்ல அணுக்கள் குறைகின்றன. அதனால் சோகையும், அடிக்கடி காய்ச்சலும், இரத்தக் கசிவும் உண்டாகின்றன.

இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. மஜ்ஜையில் தோன்றி இரத்தத்தில் பரவுவது லூக்கேமியா. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் உள்ள நிணநீர்க் கணுக்களில் கட்டியாகத் தோன்றுவது லிம்போமா. மஜ்ஜையில் உள்ள ஒருவகை வெள்ளணுவில் தோன்றி எலும்பை அரிப்பது மையலோமா. லூக்கேமியாவிலும் மைலாய்டு வகை, லிம்பாய்டு வகை என்ற பிரிவுகள் உண்டு. உடல் உழைப்பின் பயன் எல்லா வகைக்கும் ஒரே அளவில் இல்லை என்பதால் இந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆய்வு என்ன சொல்கிறது?

உடல் உழைப்புக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றிய மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று 2016ல் வெளியானது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த 12 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, சுமார் 14 லட்சத்து 40 ஆயிரம் பேரின் விவரங்களை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் பிறரும் ஆராய்ந்தனர். 26 வகைப் புற்றுநோய்கள் கணக்கில் எடுக்கப்பட்டன. அவற்றில் 13 வகைகள், அதிகமாக உடலை அசைப்பவர்களிடம் குறைவாகக் காணப்பட்டன. இந்த 13ல் இரண்டு, இரத்தப் புற்றுநோய் வகைகள். மைலாய்டு லூக்கேமியா 20 சதவீதமும், மையலோமா 17 சதவீதமும் குறைவாக இருந்தன.

இந்தக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளவேண்டும். உடலை அசைக்காத ஒரு கூட்டத்தில் 100 பேருக்கு மைலாய்டு லூக்கேமியா வருமானால், அதே அளவுள்ள, நன்றாக உடலை அசைக்கும் கூட்டத்தில் ஏறக்குறைய 80 பேருக்கு வந்தது என்பதே பொருள். உழைப்பவருக்கு வரவே வராது என்பது பொருளல்ல. இரத்தப் புற்றுநோய் பெரும்பாலோருக்கு வராத நோய். இருப்பினும் வந்தால் ஒரு சிறு குடும்பத்தின் நிலத்தையும் சேமிப்பையும் விழுங்கிவிடக்கூடியது. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு குறைவது சிறிய நன்மையன்று.

இன்னொன்றையும் மறக்கலாகாது. சிறு குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் லிம்பாய்டு லூக்கேமியா வகை. அதற்கும் உடற்பயிற்சிக்கும் தொடர்பு இல்லை. நோயுற்ற குழந்தையின் பெற்றோர், நாம் பிள்ளையைச் சரியாக வளர்க்கவில்லையோ என்று மனம் நோகத் தேவையில்லை.

உழைப்பு எவ்வாறு உதவுகிறது?

உடம்பில் தேவைக்கு மேல் கொழுப்பு சேரும்போது, வெளியில் தெரியாத ஒருவித அழற்சி உடம்பு முழுவதும் நிலைத்துவிடுகிறது. இன்சுலின் போன்ற சுரப்புகளும் மிகுகின்றன. இவை அணுக்களைப் பெருகத் தூண்டுகின்றன. அளவுக்கு மீறிய உடல் கொழுப்பு மையலோமா வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2016ல் முடிவு கூறியது. நடப்பதும், குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதும் இந்தக் கொழுப்பையும் அழற்சியையும் குறைக்கின்றன.

மஜ்ஜைக்குள்ளேயும் மாற்றம் நிகழ்கிறது. 2019ல் வெளியான ஓர் ஆய்வில், சக்கரத்தில் ஓடவிடப்பட்ட சுண்டெலிகளின் மஜ்ஜையில் அழற்சி அணுக்களின் உற்பத்தி குறைந்தது தெரியவந்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குச் சொல்லிவிட முடியாது. ஆயினும் கால் ஓடும்போது எலும்புக்குள் நடக்கும் உற்பத்தியும் மாறுகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

கழனி வேலை கணக்கில் சேருமா?

மேலே சொன்ன பெரிய ஆய்வு, ஓய்வு நேரத்தில் மக்கள் விரும்பிச் செய்யும் நடை, ஓட்டம், நீச்சல் போன்றவற்றையே கணக்கெடுத்தது. பிழைப்புக்காகச் செய்யும் வேலையை அது அளக்கவில்லை. எனவே கழனி வேலைக்கு அதே 20 சதவீதப் பயனை அப்படியே எழுதிக்கொள்ள முடியாது. ஆனாலும் தசை அசைந்தால் கொழுப்பு கரைவது ஓய்வு நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் பொதுவானது.

முன்பு கழனி வேலை எவ்வளவு பெரிய உழைப்பாக இருந்தது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. நாட்டுக் கலப்பையின் சால் அரை அடி அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை உழுது முடிக்க ஏர் பிடித்தவர் 87,120 அடி நடக்கவேண்டும். அதாவது சுமார் 26 கிலோமீட்டர். இரண்டு மூன்று உழவு என்றால் நடை இரண்டு மூன்று மடங்கு. இதற்குமேல் பரம்படிப்பு, வரப்பு வெட்டுதல், ஏற்றம் இறைத்தல், நடவு, களையெடுப்பு, அறுவடை, கதிரடிப்பு எல்லாம் உண்டு.

இன்று உழவை டிராக்டர் செய்கிறது. நீரை மோட்டார் இறைக்கிறது. அறுவடையை இயந்திரம் முடிக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. கூலி மிச்சமாகிறது, முதுகும் தப்புகிறது. ஆனால் விவசாயி என்ற பெயர் மட்டும் இருக்க, பழைய உழைப்பு உடம்பில் இல்லை. சொர்ணவாரிக்கும் சம்பாவுக்கும் இடையிலும், நவரை அறுவடை முடிந்த பின்னரும் வாரக்கணக்கில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. நடவு வாரத்தில் பட்ட பாட்டை வைத்து ஆண்டு முழுவதும் உழைத்ததாகக் கணக்குப் போடலாகாது.

உழைப்பால் கழுவ முடியாத நஞ்சு

அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா ஆகிய இரு மாநிலங்களில் 1993ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. விவசாயிகள், அவர்களுடைய துணைவியர், மருந்து அடிக்கும் தொழிலாளர்கள் எனச் சுமார் 89,000 பேர் இதில் சேர்க்கப்பட்டுப் பல ஆண்டுகளாகக் கவனிக்கப்பட்டு வருகின்றனர். இதன் முடிவு எல்லா விவசாயிகளும் சிந்திக்கத்தக்கது. மொத்தத்தில் பார்த்தால் இந்த விவசாயிகளுக்குப் புற்றுநோய், ஊரில் உள்ள பிறரைவிடக் குறைவாகவே இருந்தது. உழைப்பும், புகைபிடித்தல் குறைவாக இருந்ததும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. ஆனால், ஒருவகைக் கடும் மைலாய்டு லூக்கேமியா, மையலோமா, சிலவகை லிம்போமா ஆகியவை அவர்களிடம் பிறரைவிட அதிகமாகக் காணப்பட்டன.

2009ல் வெளியான மற்றொரு முடிவும் இதையொட்டியதே. மையலோமாவுக்கு முந்தைய நிலை ஒன்று உண்டு. அதை இரத்தப் பரிசோதனையில் மட்டுமே காணமுடியும். மருந்து அடிக்கும் ஆண்களிடம் இந்த நிலை, வேறொரு மாநிலத்துப் பொது மக்களில் உள்ள ஆண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. இந்த நிலையில் உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே நோயாளி ஆகிறார் என்பது ஆறுதல் தரும் செய்தி.

2015ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சில மருந்துகளைப் பற்றி முடிவு கூறியது. லிண்டேன், லிம்போமாவை உண்டாக்குவது உறுதி என்றது. மாலத்தியான், டயசினான், களைக்கொல்லியான கிளைபோசேட் ஆகியவை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்றது. கிளைபோசேட் பற்றி அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றின் கட்டுப்பாட்டு அமைப்புகள் இதை ஏற்கவில்லை. கருத்து வேறுபாடு இருக்கும் இடத்தில், தோலில் படாமல் பார்த்துக்கொள்வதே விவசாயிக்கு நட்டமில்லாத வழி.

லிண்டேன் என்றால் பலருக்குத் தெரியாது. பி.எச்.சி. தூள் என்றால் வயதானவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். கையாலேயே அள்ளித் தூவிய அந்தத் தூளில் பூச்சியைக் கொல்லும் சரக்கு லிண்டேன்தான். இந்தியாவில் பி.எச்.சி. 1997லும், லிண்டேன் விவசாயப் பயன்பாட்டில் 2013லும் நிறுத்தப்பட்டன. 2018ல் டயசினான், மீத்தைல் பாரத்தியான் உள்ளிட்ட பல மருந்துகளைத் தடை செய்து ஆணை வந்தது. வீட்டுப் பரணிலோ மோட்டார் கொட்டகையிலோ பெயர் அழிந்த பழைய டப்பா, மூட்டை இருந்தால் அதை மீண்டும் பயன்படுத்தலாகாது. குளத்திலோ கால்வாயிலோ கொட்டவும் கூடாது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் தெரிவித்து யோசனை கேட்பது நல்லது.

டப்பாவில் உள்ள நிறம் எதைக் காட்டுகிறது?

மருந்து டப்பாவில் ஒரு நிற முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, மஞ்சள் கடுமையான நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. இதைப் பார்த்து மருந்து வாங்குவது நல்ல வழக்கம். ஆனால் இந்த நிறம், மருந்து ஒரே தடவையில் உடம்புக்குள் போனால் எவ்வளவு கொல்லும் என்பதை மட்டுமே காட்டுகிறது. இருபது ஆண்டுகள் சிறிது சிறிதாகப் பட்டால் என்ன ஆகும் என்பதை அது காட்டாது. பச்சை முக்கோணம் என்பதால் வெறுங்கையால் கலக்கலாம் என்று எண்ணுவது தவறு.

வேர்க்கும் தோலில் விஷம் வேகமாக இறங்கும்

உழைப்புக்கும் நஞ்சுக்கும் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. கடுமையாக வேலை செய்யும்போது தோலுக்கு வரும் இரத்த ஓட்டம் கூடுகிறது. தோல் வியர்வையில் நனைகிறது. மூச்சு வேகமாகிறது. இந்த மூன்றுமே மருந்து உடம்புக்குள் இறங்குவதை அதிகமாக்குகின்றன. உச்சி வெயிலில் வேர்த்து வடிய மருந்து அடிப்பவர், அதே மருந்தைக் காலைக் குளிர்ச்சியில் அடிப்பவரைவிட அதிக நஞ்சை ஏற்றுக்கொள்கிறார்.

உடம்பின் எல்லா இடமும் ஒரே அளவு உறிஞ்சுவதில்லை. பாரத்தியான் என்ற மருந்தை வைத்து 1971ல் வெளியான ஆய்வில், முன்கையைவிட நெற்றியிலும் தலையிலும் சுமார் நான்கு மடங்கும், விரைப்பையில் பத்து மடங்குக்கு மேலும் மருந்து உறிஞ்சப்பட்டது தெரியவந்தது. முதுகில் சுமக்கும் தெளிப்பானின் மூடி கசிந்து, முதுகு வழியாக இடுப்புத் துணியை நனைப்பது வழக்கமாகக் காணப்படுவது. கையில் பட்டதைக் கழுவுபவர்கள் நனைந்த துணியோடு மாலை வரை இருந்துவிடுகிறார்கள். உண்மையில் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

2017ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் தொழிலாளர்களும் இருபது பேருக்கு மேல் இறந்தனர். அது புற்றுநோயால் அல்ல. உடனடி நஞ்சால் நேர்ந்தது. ஆயினும் மருந்தை அடிப்பதாலேயே உயிர் போகும் அளவுக்கு உடம்பில் நஞ்சு ஏறும் என்பதற்கு அது போதிய சான்று.

மருந்து அடிக்கும்போது கைக்கொள்ள வேண்டியவை:

காலை அல்லது மாலையில், காற்று முதுகுப் பக்கம் வீசும்படி நின்று அடிக்கவேண்டும்.

தெளிப்பானின் மூடி, வாளி, குழாய் ஆகியவற்றில் முதலில் வெறும் தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்க்கவேண்டும். கசிந்தால் வாஷரை மாற்றிய பிறகே மருந்து ஊற்றவேண்டும்.

முதுகுக்கும் தெளிப்பானுக்கும் இடையில் பாலிதீன் தாளைக் கட்டிக்கொள்வது குறைந்த செலவுப் பாதுகாப்பு. முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, தலைக்குத் துணி, மூக்கு வாய்க்கு முகமூடி அவசியம். கைக்கு ரப்பர் கையுறையே வேண்டும். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும்.

கலக்கும்போதுதான் மருந்து நீர்க்காமல் இருக்கிறது. அப்போது கையுறை இல்லாமல் தொடக்கூடாது, குச்சியால் கலக்கவேண்டும்.

உடை நனைந்தால் உடனே கழற்றி, சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும். அந்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்கவேண்டும். துவைக்கும் பெண்களும் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

கர்ப்பிணிகளும் சிறுவர்களும் மருந்து கலக்கவோ, அடிக்கும்போது அருகில் நிற்கவோ கூடாது.

காலி டப்பாவை மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவைத் துளையிட்டு அழிக்கவேண்டும். எண்ணெய், தண்ணீர் வைக்கப் பயன்படுத்தக்கூடாது.

பெட்ரோலை வாயால் உறிஞ்சலாமா?

விசைத்தெளிப்பானுக்கும் பம்புசெட்டுக்கும் கேனிலிருந்து பெட்ரோல் மாற்றும்போது, குழாயை வாயில் வைத்து உறிஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். கிரீஸ் பட்ட கையைப் பெட்ரோலால் கழுவுபவர்களும் உண்டு. பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் கலந்திருக்கிறது. இது மைலாய்டு லூக்கேமியாவை உண்டாக்கும் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. பெட்ரோலில் பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி உள்ளது. அந்த ஒரு பங்கும் வாய்க்குள் போகவேண்டியதில்லை. சில ரூபாய்க்குக் கிடைக்கும் கைப்பம்பு ஒன்றும், கை கழுவச் சோப்பும் இருந்தால் போதும். பணிமனையிலோ எரிபொருள் கிடங்கிலோ வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லவேண்டும்.

நஞ்சும் குறைய, உடலும் அசைய

இரண்டு நன்மையும் ஒருங்கே தரும் முறைகள் விவசாயத்திலேயே இருக்கின்றன. திருந்திய நெல் சாகுபடியில், இருபுறமும் 22 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, நட்ட 10 முதல் 15 நாளில் கோனோவீடர் என்னும் களையெடுக்கும் கருவியை ஓட்டத் தொடங்குகிறார்கள். பத்து நாளுக்கு ஒரு முறை மூன்று நான்கு தடவை ஓட்டும்போது களை மண்ணில் மடிந்து எருவாகிறது. வேருக்குக் காற்று கிடைக்கிறது. களைக்கொல்லிச் செலவு மிச்சமாகிறது. ஓட்டுபவருக்குக் கால், தோள், இடுப்பு எல்லாவற்றுக்கும் நல்ல வேலை.

பூச்சிக்கும் எடுத்தவுடன் மருந்தை நாடவேண்டியதில்லை. வாரம் இரு முறை கழனியைச் சுற்றி நடந்து, பூச்சியின் எண்ணிக்கை பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டியதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம். விளக்குப் பொறி, பறவை தாங்கி, டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை ஆகியவை உதவும். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, 200 லிட்டராக்கித் தெளித்தால் அது 5 சதவீதக் கரைசல் ஆகும். தவிர்க்கும் ஒவ்வொரு தெளிப்பும் உடம்பில் சேராத நஞ்சு.

எவ்வளவு உழைப்பு வேண்டும்?

வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை, மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு நடப்பது போன்ற உழைப்பும், வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் வேலையும் செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடந்தால் 150 நிமிடம் ஆகிறது. நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம்.

கழனி வேலை உள்ள நாட்களில் இது தானாகவே நிறைவேறிவிடும். வேலையில்லாத வாரங்களில்தான் கவனம் தேவை. வரப்பைச் செதுக்குவது, கால்வாயைத் தூர்வாருவது, எருக்குழியைப் புரட்டுவது போன்றவற்றை அந்த நாட்களுக்கு ஒதுக்கலாம். உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைகள் ஷிப்டு முடிந்து வந்ததும் அரை மணி நடக்கலாம். கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையோரத்தைவிட ஏரிக்கரையும் வரப்பும் நடைக்கு ஏற்றவை. வெகு நாள் உழைக்காதவர்களும், நெஞ்சு வலி, சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் பத்து நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். மருந்து அடித்த கழனியில் அன்றே நடக்கவோ களையெடுக்கவோ கூடாது. எத்தனை நாள் கழித்து இறங்கலாம் என்பதை டப்பாவோடு வரும் துண்டுத்தாளில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

எந்த அசதி நோயின் அறிகுறி?

உழைப்பாளிகளிடம் இந்த நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒரு காரணம், அசதியை அவர்கள் பொருட்படுத்தாததே. வேலை அசதி ஒரு நாள் ஓய்வில், ஒரு நல்ல தூக்கத்தில் தீரும். தீராத அசதி வேலையால் வந்ததல்ல. கீழ்க்கண்டவை இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும்:

சத்து மாத்திரை சாப்பிட்டும் தீராத வெளுப்பும் மூச்சிரைப்பும். காரணமின்றித் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல். இரவில் உடை நனையும் வியர்வை. உடல் எடை குறைதல். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாத கட்டி. இடது விலாவுக்குக் கீழே வயிறு கனத்தல். முதுகெலும்பிலும் விலாவிலும் ஓய்விலும் தீராத வலி. ஈறில் இரத்தம் கசிந்தாலோ, அடிபடாமலே தோலில் நீலத் தழும்பும் சிவப்புப் புள்ளியும் தோன்றினாலோ வாரக்கணக்கில் காத்திருக்காமல் உடனே காட்டவேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை வேறு சாதாரண நோய்களாலும் வரக்கூடியவை. எனவே அஞ்சவேண்டியதில்லை. முழு இரத்த அணுப் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் வழி தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டலாம். பல ஆண்டுகளாக மருந்து அடித்து வருபவர் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லவேண்டும்.

மேல்சிகிச்சைக்கு அத்திப்பட்டுப் பகுதியினர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி மின்ரயில் போய்ச்சேரும் சென்னை சென்ட்ரலுக்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. வட சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை உள்ளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ல் அடையாறில் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிலையம் ஏழை எளியோருக்குப் பல்லாண்டுகளாகச் சிகிச்சை அளித்து வருகிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவும். நிலத்தை விற்பதற்கு முன் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரிப்பது முக்கியம்.

நோய் வந்தவர்களுக்கும் நடை நல்லது

இரத்தப் புற்றுநோய் என்றாலே முடிவு என்ற காலம் மாறிவிட்டது. நாட்பட்ட மைலாய்டு லூக்கேமியா என்ற வகைக்கு இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதன் காப்புரிமைக் கோரிக்கையை 2013 ஏப்ரலில் இந்திய உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. இங்கேயே தயாராகும் மாத்திரை குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நாள்தோறும் தவறாமல் சாப்பிடுபவர்களில் மிகப் பலர் வேலைக்குப் போய்க்கொண்டு நெடுநாள் வாழ்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986லிருந்தே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யப்பட்டு வருகிறது.

சிகிச்சையில் இருப்பவர் படுத்தே கிடக்கவேண்டும் என்று உறவினர்கள் எண்ணுவது இயல்பு. ஆனால் மருத்துவர் சொல்லும் அளவுக்குத் தினமும் நடப்பவர்களுக்குச் சோர்வு குறைகிறது. தசை வலு குன்றாமல் இருக்கிறது. மையலோமா உள்ளவர்களுக்கு எலும்பு பலவீனமாக இருக்குமாதலால், மூட்டை தூக்குதல், குனிந்து கனம் இழுத்தல் கூடாது. தட்டணு குறைந்திருக்கும்போது அடிபடக்கூடிய வேலைகளைத் தவிர்க்கவேண்டும். வெள்ளணு குறைந்திருக்கும்போது எருக்குழி, வைக்கோல் தூசி ஆகியவற்றிலிருந்து விலகியிருக்கவேண்டும்.

ஆண்டு முழுவதும் உடலை அசைத்தல், மருந்துத் தெளிப்பைக் குறைத்தல், அடிக்கவேண்டி வந்தால் தோலை மறைத்தல், பெட்ரோலை வாயிலும் கையிலும் படவிடாதிருத்தல், தீராத அசதியை உடனே பரிசோதித்தல் ஆகிய ஐந்தும் பெரிய செலவில்லாதவை. அடுத்த தெளிப்புக்குப் போவதற்கு முன் தெளிப்பானின் மூடியைத் திறந்து வாஷரைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது, இன்றே தொடங்கக்கூடிய முதல் வேலை.